முதுகு காட்டும் ரசிகர்கள்

அருங்காட்சியகச் சுவரில் புகழ்பெற்ற ஓர் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியம் தொங்கியது. மூடுபனியில் ஓர் ஆறு, அதில் ஒரு படகு; கிட்டே போய்ப் பார்த்தால் எல்லாமே வண்ணத் தீற்றல்கள். அதன் சட்டத்துக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது.

"உனக்கென்னப்பா, தினமும் திருவிழாக் கூட்டம்" என்றது பல்லி.

"கூட்டம்தான். ஆனால் எனக்குத் தெரிவதெல்லாம் முதுகு" என்றது ஓவியம். "அந்தக் காலத்தில் கிறுக்கல் என்று சிரித்தார்கள். சிரிக்கிறதுக்காவது என்னைப் பார்த்தார்கள். இப்போது 'அருமை' என்று சொல்லிக்கொண்டே திரும்பி நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அந்த 'அருமை'க்கு நீகூட ஒரு தடவை குரல் கொடுத்ததில்லை."

"பார்க்காமல் சொல்வதற்கு நான் எப்படி ஆமாம் போடுவது?"

அப்போது ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவர் செல்போனை நீட்டினார். அந்த அம்மாளோ திரும்பாமல் படத்தையே உற்றுப் பார்த்தார்.

"என்னங்க, அரைகுறையா இருக்கே. எல்லாம் ஈஷி வெச்சிருக்கு."

"மெதுவா பேசு. ரொம்பப் பெரிய படம் இது. போட்டோவுக்கு நில்லு."

அந்த அம்மாள் நிற்கவில்லை. படத்தைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்துகொண்டே போனார். ஓவியம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"இங்க வந்து பாருங்க. படகு போகுது."

பல்லி சத்தம் போட்டது.

"பல்லியே சொல்லிடுச்சு" என்றார் அந்த அம்மாள்.

கணவர் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, மனைவியின் பக்கத்தில் போய்ப் படத்தைப் பார்த்து நின்றார்.

"அப்பாடா" என்றது ஓவியம். "ரெண்டு முகம்."