மஞ்சள் புள்ளி

பட்டறைக்குள் சாய்ந்து விழும் காலை வெயிலில் அந்தக் கறுப்புச் சொகுசு வண்டி, பின்பக்க இடது மூலை மட்டும் தாழ்ந்து நிற்கிறது. "ராத்திரி நேராத்தான் நிறுத்தினேன், காலைல பார்த்தா படுத்திருக்கு. வேகத்தடையெல்லாம் இவ கண்ணுல படாது," என்கிறார் கணவர். "ஆமா, சிமெண்ட் மூட்டையை ஏத்தினது நான்தானே," என்கிறாள் மனைவி. "ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம இருங்க. காத்து போற சத்தம் கேக்கணும்," என்று வண்டிக்கு அடியிலிருந்து மெக்கானிக்கின் குரல் வருகிறது. அவர்கள் அடங்குவதாக இல்லை. அவர் சோப்பு நுரையைத் தூரிகையில் தொட்டு, வண்டியைத் தாங்கும் ரப்பர் காற்றுப் பையின் மடிப்புகளில் மெல்லத் தடவுகிறார். ஒன்றுமில்லை. பைக்குக் காற்று கொண்டுவரும் மெல்லிய குழாயைத் தொடர்ந்து போகிறது தூரிகை. குழாய் முடியும் இணைப்பில் கடுகளவு குமிழி ஒன்று எழுந்து, ஜன்னல் வெளிச்சத்தை வாங்கிப் பளபளத்து, உடைகிறது. அதே இடத்தில் இன்னொன்று. பக்கத்தில் ஒரு மஞ்சள் பெயிண்ட் புள்ளி. தன் கையால் மாட்டிய இணைப்புகளுக்கு மட்டும் அவர் வைக்கும் அடையாளம் அது. நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். கட்டைவிரல் அதன்மேல் சற்று நேரம் கிடக்கிறது. மேலே, வேகத்தடைக்கும் சிமெண்ட் மூட்டைக்கும் வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. அவர் முதுகை நகர்த்தி வெளியே வந்து எழுந்து உட்காருகிறார். "உங்க மேல தப்பில்லம்மா, சார் மேலயும் இல்ல. போன மாசம் அந்தக் குழாயை நான்தான் அவசரத்துல சாய்வா வெட்டி மாட்டிட்டேன்." இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இப்போது காற்று போகும் சத்தம் மூவருக்கும் தெளிவாகக் கேட்கிறது.