ரத்தின சபை எந்த ஊர்?

இன்று என்ன ஆனாலும் வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடு உட்கார்ந்திருந்தார் துளசிராமன்.

“இங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி கேப்போம் சார்,” என்றாள் சுமலதா. “நடராஜரோட ரத்தின சபை எந்த ஊர்ல இருக்கு?”

திருவாலங்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். பதில் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார்.

“தெரிஞ்சிக்கினே ஏன்யா பேஜாரு பண்ற?” என்று மனைவி திலகவதி இடித்தாள். அவர் அசையவில்லை.

“சரி, நானே சொல்றேன். திருப்பாச்சூர்,” என்றாள் திலகவதி.

“கரெக்ட்,” என்றாள் சுமலதா.

துளசிராமனுக்குப் பொறுக்கவில்லை. “ஆலங்காடும்மா! எங்க ஆலங்...”

திறந்த வாய்க்குள் சட்டென்று கண்ணாடியை விட்டாள் பல் டாக்டர் சுமலதா. “எந்தப் பல்லும்மா?”

“கடவாப் பல்லு டாக்டர். சீக்கிரம் பாருங்க, ஊர்ப் பெருமை முடிஞ்சா வாய மூடிக்குவாரு.”