சுழி போட்ட கோப்பு

இயந்திரத்தையும் சேர்த்தால் கூடத்தில் நான்கு பேர். ஜன்னலோரக் கட்டிலில் கோமளவல்லி. தலைமாட்டில் அவளைக் கவனித்துக்கொள்ளும் இயந்திரம். நாற்காலியில் அதை விற்ற கம்பெனியின் பொறியாளர் மகிழினி. எதிரே முக்காலியில் கணவர் தணிகாசலம்.

வாதம் வந்து பேச்சு போனபின் கோமளவல்லி வலது கை விரல்களால்தான் பேசினாள். தண்ணீருக்கு ஒரு சைகை, கணவரைத் திட்ட மூன்று. அதனால் இயந்திரம் செய்யக்கூடாதவற்றைச் சொல்லும் கோப்பில், "வலது கையைக் கட்டாதே" என்றுதான் தணிகாசலம் முதலில் எழுதினார். ஆனால் அவர் ஊருக்குப் போயிருந்தபோது, சாப்பாடு இறக்கும் மூக்குக்குழாயைப் பிடுங்கிவிடுவாள் என்று அது இரண்டு கைகளையும் கட்டிப்போட்டுவிட்டது. அவிழ்த்த பிறகு வலது கை எழவேயில்லை.

"உச்சியில பிள்ளையார் சுழி போட்டிருக்கீங்க சார். முதல் வரி புரியலைன்னா அது முழுக் கோப்பையும் தள்ளிட்டு, கம்பெனி விதிப்படி நடக்கும். சுழியை எடுத்துட்டா சரியாயிடும்" என்றாள் மகிழினி.

"புரியலைன்னா கேட்க வேண்டியதுதானேம்மா? கோப்பைக் கொடுத்தப்போ 'கிடைத்தது, நன்றி'ன்னு எனக்குப் பதில் சொல்லிட்டு இவ கையைக் கட்டுமா?"

"புகாரை அதுகிட்டயே சொல்லலாம் சார்."

"அதுகிட்டயா? ரொம்ப நல்லா இருக்கு."

தணிகாசலம் தாளை எடுத்து, வழக்கத்தைவிடப் பெரிதாகச் சுழி போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் கம்பெனிக்கு எழுதினார். உறையில் பசை தடவி, மனைவியின் வலது கையை அதன்மேல் வைத்து அழுத்தினார்.

"உன் பங்குக்கு நீயும் திட்டு" என்றார்.

விரல்கள் அசையவில்லை. ஒட்டிய உறையை எடுத்துக்கொண்டு அவரே தபால் பெட்டிக்கு நடந்தார்.