இரண்டாவது இளங்கலை

வங்கி வேலை போனபோது பூரணிக்கு வயது நாற்பத்தெட்டு. தோட்டக்கலைக்கு மாறலாம் என்று கணவர் ஞானசேகருடன் சேர்க்கை அலுவலகத்துக்குப் போனாள்.

“முதுகலைன்னா ரெண்டு வருஷம். ஆனா அம்பத்தஞ்சுல ஓய்வு குடுத்துடுவாங்க,” என்றார் அலுவலர். “ரெண்டாவது இளங்கலை எடுத்தீங்கன்னா மூணு வருஷம். சேர்ந்த அன்னைக்கே அரசாங்கப் பதிவேட்டுல உங்களுக்கு மறுபடி பதினெட்டு வயசாயிடும். நிதானமா வேலை பாக்கலாம்.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? இளங்கலையே போடு,” என்றார் ஞானசேகர். பூரணி கையெழுத்திட்டாள்.

மறுவாரம் திருமணப் பதிவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பெண்ணின் திருமண வயது இப்போது இருபத்தொன்றாக உயர்த்தப்பட்டிருப்பதால், பதினெட்டு வயது பூரணியின் திருமணம் ரத்தாகிறது. மூன்றாண்டுகள் கழித்து, அவள் சம்மதித்தால் மறுபடி பதிவு செய்துகொள்ளலாம்.

ஞானசேகர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு, கல்லூரி விடுதிக்குப் போகத் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் சிரித்துக்கொண்டே கேட்டார்: “வெறும் காகிதம்தானே? மூணு வருஷத்துல திரும்பப் பதிஞ்சிடலாம். என்ன சொல்ற?”

பூரணிக்குத் தன் கல்யாணப் பேச்சு நினைவுக்கு வந்தது. அன்று அப்பாவைக் கேட்டார்கள், மாமாவைக் கேட்டார்கள். அவளை யாரும் கேட்கவில்லை.

“மொதல்ல படிப்பு முடியட்டுங்க,” என்றாள். “அப்புறம் யோசிச்சுச் சொல்றேன்.”