செம்பின் முனை

எரிந்த வீட்டின் கூரை ஓட்டை வழியே ஒஹாயோவின் பனிக்கால வெயில் சாம்பல்மேல் விழுகிறது. தீயில் இறந்த லோர்னாவின் மகள் டெனிஸ் கடைசியாகத் தூங்கிய அறையின் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் டுவைட், கருகிய சுவிட்ச் பெட்டியிலிருந்து ஒரு முறுக்கிய கம்பித் துண்டை எடுத்து லோர்னாவின் உள்ளங்கையில் வைக்கிறார். வெளுத்த அலுமினியக் கம்பியோடு செப்புக் கம்பி பின்னிக் கிடக்கிறது. சேருமிடம் உருகிக் கட்டியாகியிருக்கிறது. "வீடு பூரா அலுமினிய வயரும்மா. அதோட செம்பை நேரா முறுக்கினா, போகப்போக லூஸாகிச் சூடேறும். இந்தச் செம்பு புதுசா இருக்கே, யாரு போட்டது?" படிக்க விளக்கு வேண்டுமென்று மகள் கேட்ட அன்று, கணவர் வெர்ன் மண்டிபோட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு இந்தக் கம்பிகளை முறுக்கியது லோர்னாவின் கண்முன் நிற்கிறது. அந்த வெர்ன் இப்போது வாசல் பனியில் நிற்கிறார். உள்ளே வரக் கால் எழவில்லை.

"என்னவாம், லோர்னா?"

அவள் கையை மூடிக் கோட்டுப் பைக்குள் விடுகிறாள். "பழைய வயராம். நாம வாங்குறதுக்கு முன்னாடியே எவனோ போட்டது." டுவைட் தலை குனிந்து ஸ்க்ரூடிரைவரைத் துடைக்கிறார்.

"அவ விளக்குக்கு நான் போட்ட வயரு?"

"அதுக்கு ஒண்ணும் ஆகல."

பைக்குள் செம்பின் முனை உள்ளங்கையில் இறங்குகிறது. அவள் பிடியைத் தளர்த்தவில்லை.