அம்மாவுக்கான கட்டம்

தான் செத்துப்போன செய்தியைச் சரோஜம் தன் மகனின் கையெழுத்தில்தான் படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். விபினும் அவன் ஆபீஸ் கூட்டாளிகளும் பால்கனியில் நின்று பழம்பொரி தின்றுகொண்டிருந்தார்கள். டம்ளர் எடுக்க ஹாலுக்கு வந்தவள் மேசையில் கிடந்த தாளைப் பார்த்தாள். கட்டம் கட்டமாக அச்சடித்த தாள். மலையாளத்தில் நிரப்பியிருந்தான். அஞ்சாம் கிளாசோடு நின்றவள், எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

தொழில்: வில்லாளி. அப்பா: இல்லை. அம்மா: இறந்துவிட்டாள்.

அப்பா இல்லை என்பது சரி. அவர் போய் ஒன்பது வருஷம். ஆனால் அம்மா?

கழக்கூட்டத்து இந்த வாடகை ஃபிளாட்டில் ஞாயிறுதோறும் நடக்கிற விளையாட்டுதான். ஷைஜு கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷத்தைத் தாளில் எழுதிக்கொண்டு அந்தக் கதைக்குள் போவார்கள். நடுநடுவே டைஸ் உருட்டுவார்கள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

காலடிச் சத்தம் கேட்டது. சமையலறைக்குப் போய்விட்டாள்.

"எடா விபினே, இந்தத் தடவையும் அம்மாவைக் கொன்னாச்சா?" கூட்டாளிகளில் ஒருத்தியான ஆதிராவின் குரல்.

"ஆமா."

"நான் சேர்ந்த பிறகு இது மூணாவது கதை. மூணுலயும் நீ அநாதை! என்னைப் பாரு, அப்பா, அம்மா, ரெண்டு அண்ணன், ஒரு கெட்ட சித்தி வரைக்கும் வச்சிருக்கேன். ஷைஜு சேட்டா, ரூல்ல பல்லி மூஞ்சிக்காரன் உண்டு, பேய்க்குப் பிறந்தவன் உண்டு. ஒரு அம்மாவை வச்சுக்கக் கூடாதா?"

"ரூல் தடுக்கலையே. ஆரை வேணும்னாலும் வச்சுக்கலாம்" என்றான் ஷைஜு. "எழுதுடா. மந்திரம் தெரிஞ்ச அம்மாவாத் தாரேன். லேசில சாக மாட்டாங்க."

"வேண்டாம்."

"கதைக்கு நல்லதுடா."

"வேண்டாம்னா விடேன். செத்தாச்சு. அழிக்க மாட்டேன்."

"அம்மா இருந்தா ராத்திரி காட்டுக்கு விடமாட்டாங்க, அதான் பயம்!" என்றாள் ஆதிரா. எல்லோரும் சிரித்தார்கள்.

சரோஜம் குழாயைத் திறந்துவிட்டாள்.

நாளைக் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். தலைக்குள் கட்டி. ஆபரேஷனில் பிழைப்பது பாதிக்குப் பாதிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பத்து நாளாக விபின் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கூட்டாளிகளிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. பையை அவளேதான் அடுக்கினாள். இரண்டு நைட்டி, துண்டு, பைபிள்.

ஃபோனை எடுத்துத் தங்கை செல்லபாயைக் கூப்பிட்டாள்.

"எனக்க மவன் என்னை இப்பமே அடக்கம் பண்ணியாச்சு, கேட்டியா?"

விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அது விளையாட்டுதானே அக்கா" என்றாள் செல்லபாய்.

"விளையாட்டுலயும் நான் வேண்டாமாக்கும்."

எல்லோரும் போனபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சரோஜம் அந்தத் தாளைக் கொண்டுவந்து விபின் முன்னால் போட்டாள்.

"நாளைக்கு ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா, மக்கா?"

அவன் முகம் வெளுத்துப்போனது.

"அம்மா, இது கதைம்மா."

"கதையில ஆதிராவுக்குச் சித்திகூட இருக்கா. ஒனக்கு மட்டும் பெத்தவ பாரமா? அழிக்க மாட்டேன்னு அடிச்சுச் சொன்னியே, அதையும் நான் கேட்டேன்."

விபின் தாளை எடுத்து, கசங்கிய மூலையை நீவி நீவிச் சரிசெய்தான். ரொம்ப நேரம் அதையே செய்துகொண்டிருந்தான்.

"ஆதிராவோட சித்தியை இன்னைக்கு அரக்கன் தூக்கிட்டுப் போயிட்டான். தாள்ல யாரெல்லாம் உயிரோட இருக்காங்களோ, அவங்களை ஷைஜு கதையில ஆபத்துல மாட்டிவிடுவான். பிழைப்பாங்களா மாட்டாங்களான்னு நாங்க டைஸ் உருட்டணும். ஆதிரா வர்றதுக்கு முன்னால, முதல் கதையில நான் உன்னை எழுதியிருந்தேன். சரோஜம்னு உன் பேரையே வச்சு."

"பிறகு?"

"இருபது முகம் உள்ள டைஸ். பன்னிரண்டுக்கு மேல விழணும். எனக்கு மூணு விழுந்துச்சு."

சரோஜம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இந்தக் கட்டத்துல இப்படி எழுதிட்டா பிறகு உன்னை யாரும் தொட முடியாது." அவன் நிமிரவே இல்லை. "செத்தவங்களுக்கு யாரும் டைஸ் உருட்ட மாட்டாங்கம்மா."