ராசையாவின் சீட்டு

பிள்ளைகள் வரிசையாக வந்து என் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் வைத்துக்கொண்டார்கள்.

பிலிப்பைன்ஸ்காரர்களின் வழக்கம் இது. பெரியவர்களைக் கண்டால் இப்படித்தான் ஆசி வாங்குவார்கள். சென்னையில் வேலை பார்க்கும் அவர்கள் குடும்பங்களெல்லாம் டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் பழைய பேராலயத்தில் கிறிஸ்துமஸ் பூசைக்குக் கூடும். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களிலிருந்தும் ஆட்கள் வேனில் வந்து இறங்குவார்கள்.

வாசலில் மெழுகுவர்த்தி கொடுக்கும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டது அந்த வேனுக்காகத்தான்.

ஆறு வருடத்துக்கு முன் மணிலாவில் கரை இறங்கிய என் புருஷன் ராசையா, திரும்பக் கப்பல் ஏறவில்லை. கம்பெனிக்காரர்கள் அவ்வளவுதான் சொன்னார்கள். அடிபட்டுக் கிடக்கிறாரோ, ஜெயிலில் கிடக்கிறாரோ என்று நான் ஏறாத கோயில் இல்லை.

செத்தவனுக்குப் பூசை வைத்துவிட்டு உன் பிழைப்பைப் பார் என்றாள் நாத்தனார் ஆன்சி. ஒரு வருடம் அவள் முகத்தில் விழிக்கவில்லை.

யாருக்காகப் பூசை வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் கருத்துச் சீட்டில் மாதாமாதம் அவர் பெயரை எழுதி, 'நலம் வேண்டி' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்துவந்தேன்.

பூசை முடிந்ததும், வேனில் வந்தவர்களிடம் வழக்கம்போல அவர் படத்தைக் காட்டினேன்.

குண்டான ஒருவர் படத்தைப் பார்த்ததும் சிரித்தார். நன்றாகத் தெரியும் என்றார். செல்போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். ராசையா மகளுக்கு அவர்தான் ஞானத்தகப்பனாம். போன மாதம் அவளுக்குப் பிறந்தநாளாம். என்னை ராசையாவின் தங்கை என்று நினைத்திருப்பார், பாவம்.

ராசையாவுக்குத் தொப்பை விழுந்திருந்தது. பக்கத்தில் ஒரு பெண். ஒரு சிறுமி ஓடிவந்து அவர் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

கேக்கில் ஏழு மெழுகுவர்த்திகள். இரண்டு தடவை எண்ணினேன்.

அவர் காணாமல் போய் ஆறு வருடம்தான். அதற்கு முந்தைய லீவில்தான் என்னை வேளாங்கண்ணிக்கு அழைத்துப்போனார். பிள்ளை வரம் கேட்டு, என்னோடு சேர்ந்து மரத்தொட்டில் கட்டினார். கண்ணீர்கூட விட்டார்.

துரோகி. இவனுக்காகவா முழங்கால் தேயத் தேய ஜெபித்தேன்?

அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று குண்டானவர் அன்பாகக் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

உள்ளே போய், மேசையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து எழுதிக் கொடுத்தேன். சீட்டுகளை வாங்கி வைக்கும் வயதான கோயில்பிள்ளை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"இன்னா ரெஜினா, 'ஆன்மா இளைப்பாற'ன்ற கட்டத்துல டிக் போட்டுகீற. சேதி எதனா வந்துச்சா?"

"வந்துச்சு நைனா. நாளைக்குக் காலைப் பூசைல பேர சத்தமா படிக்கச் சொல்லு."